அரைச் சுத்து

வாங்க தம்பி, படி பார்த்து ஏறுங்க. மொத்தம் ஏழு படி. முன்னாடி இந்த வீட்டுக்கு ஒரு படிகூட ஏற வேண்டியதில்லை, தெருவுல இருந்து கீழேதான் எறங்கி வரணும். ரோடு போடுறவங்க பழசைச் சுரண்டாம அது மேலேயே போட்டுக்கிட்டே போனாங்க. வீடு இருந்த இடத்துலயே இருக்க, தெரு எங்களைத் தாண்டி மேலே போயிடுச்சு. அதுக்கப்புறம் ஐப்பசி பொறந்தா கூடத்துல முழங்கால் தண்ணி. அதான் வீட்டைத் தூக்கினோம். அஞ்சு அடி. இடிக்காம, அப்படியே முழுசா.

உக்காருங்க. நான் சபாநாயகம். முப்பத்தி நாலு வருஷம் பௌதிகம் எடுத்தேன், ஒன்பதாவது பத்தாவதுக்கு. வீட்டுல இப்ப நான் மட்டும்தான். மனைவி விசாலாட்சி பொண்ணு வீட்டுல, திருச்சியில இருக்கா. முழங்கால் வலி. இந்த ஏழு படியை ஏறி எறங்க முடியலைன்னு போனா. போய் ரெண்டு வருஷம் ஆகப்போகுது.

அந்த விரிசலைத்தானே பாக்கறீங்க? வீடு பாக்க வர்றவங்க எல்லாரும் முதல்ல அதைத்தான் பாப்பாங்க. பூசினா மறைஞ்சிடும், ஆபத்து ஒண்ணும் இல்லை. இன்ஜினியர் வந்து பார்த்து எழுதியே குடுத்திருக்காரு. அது எப்படி வந்துச்சுன்னு எதிர் வீட்டுல கேட்டா வேற மாதிரி சொல்லுவாங்க. நானே சொல்லிடறேன்.

நீங்க வீடு தூக்கிப் பார்த்திருக்கீங்களா? சுவரோட அடியைச் சுத்தித் தோண்டுவாங்க. கொஞ்சம் கொஞ்சமா அஸ்திவாரத்துல இருந்து சுவரை அறுத்து, அந்தச் சந்துல இரும்புச் சட்டம் குடுத்து, அதுக்குக் கீழே ஒண்ணரை அடிக்கு ஒண்ணா ஜாக்கி வெச்சுக்கிட்டே வருவாங்க. லாரிக்கு டயர் மாத்த வெப்பாங்களே, அந்த மாதிரி திருகு ஜாக்கி. இந்த வீட்டுக்கு நூத்தி அறுபது வெச்சாங்க. அப்புறம் மேஸ்திரி விசில் ஊதினா எல்லாரும் ஆளுக்குக் குடுத்த ஜாக்கிகளை ஒவ்வொண்ணா கால் சுத்து சுத்துவாங்க. கால் சுத்துதான். ஒருத்தனும் கூடவும் சுத்தக் கூடாது, குறைச்சலாவும் சுத்தக் கூடாது. வீடு மூச்சு இழுக்கற மாதிரி லேசா ஏறும். ஏறின இடத்துல செங்கல்லும் பலகையும் குடுத்து அணைச்சுட்டு, மறுபடி விசில்.

மேஸ்திரி பேரு தணிகாசலம். திருவண்ணாமலைப் பக்கம். நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், படிப்பு எட்டாவது. நல்ல மனுஷன், இல்லைன்னு சொல்லலை. பதினாலு வருஷமா இதே வேலை. ஆனா அது ஏன் ஏறுதுன்னு கேட்டா சொல்லத் தெரியாது. நான் முதல் நாளே கேட்டேன். "ஒரு ஆள் ஒரு கையால சுத்தறான், டன் கணக்குல பாரம் ஏறுது, எப்படி மேஸ்திரி?"

"ஏறும் சார்"னாரு.

அவ்வளவுதான் அவரு பதில். நான் தரையில உக்காந்து படம் போட்டுக் காட்டினேன். மலை மேலே நேரா ஏற முடியாது, சுத்திச் சுத்தி ரோடு போட்டா பஸ்ஸே ஏறும், இல்லையா? அந்தச் சாய்வான ரோட்டைச் சுருட்டி ஒரு இரும்புத் தண்டுல சுத்தி வெச்சா அதுதான் திருகு. ரெண்டடிக் கம்பியைப் பிடிச்சு ஒரு முழுச் சுத்து சுத்தினா உங்க கை பன்னெண்டடிக்கு மேலே பயணம் போகுது, பாரம் கால் அங்குலம்தான் ஏறுது. அறுநூறு மடங்கு! உராய்வுல முக்கால்வாசி போனாலும் நூத்தைம்பது மடங்கு மிச்சம். ஒரு டன்னைத் தூக்க ஏழு கிலோ பலம் போதும். ஒரு பெரிய தர்பூசணியைத் தூக்கற பலம். இதுக்குத்தான் எந்திர லாபம்னு பேரு.

தணிகாசலம் முழுசையும் பொறுமையாக் கேட்டாரு. கேட்டுட்டு, "சார், ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். ஜாக்கிகிட்ட நீங்க யாரும் வராதீங்க"ன்னாரு.

எனக்கு எப்படி இருக்கும்? என் வீடு. என் பாடம். சரின்னுட்டேன்.

அவரோட ஆளுங்க பதினெட்டு பேரு. அதுல வேடியப்பன்னு ஒருத்தன், அரூர்ப் பக்கம் மலைக் கிராமம். முப்பது வயசு, ஒல்லி. ஒல்லியா இருக்கறதால வீட்டுக்கு அடியில நுழைஞ்சு செங்கல் அணைக்கறது அவன் வேலை. விசாலாட்சிக்கு அவன் மேலே பிரியம். அவன் பொண்டாட்டி அப்ப மாசமா இருந்தா. இவ ஊறுகாய் பாட்டில் எடுத்து வெச்சுக் குடுத்து அனுப்புவா. அவன் வீட்டுக்கு அடியில படுத்துக்கிட்டே மேலே இவ நடக்கற சத்தத்தை வெச்சு, "அம்மா இப்ப அடுப்பங்கரைக்குப் போறாங்க"ம்பான். தூக்கறப்ப வீட்டுக்குள்ள ஆள் இருக்கலாம், ஒண்ணும் ஆகாது. நாங்க இங்கேதான் சமைச்சுச் சாப்பிட்டோம்.

ஆறு நாள்ல மூணடி ஏறிடுச்சு. தெருவே வந்து பார்த்துச்சு. ஏழாவது நாள்தான் அது நடந்தது. புரட்டாசி கடைசி. காலையில இருந்தே கிழக்கே மேகம் கட்டி நின்னுச்சு.

ஒரு மணிக்கு ஆளுங்க எல்லாரும் சாப்பிடப் போனாங்க, தெருமுனையில புங்கமரத்துக்குக் கீழே. வீட்டுக்கிட்ட யாரும் இல்லை. நான் சும்மா சுத்திப் பார்த்துட்டு வந்தேன். இதோ, இந்த விரிசலுக்கு நேர் கீழே, தென்கிழக்கு மூலையில ஒரு ஜாக்கி. கம்பி அதுலயே சொருகி இருந்துச்சு.

தம்பி, நான் முப்பத்தி நாலு வருஷம் கரும்பலகையில படம் போட்டவன். நெம்புகோல், கப்பி, சாய்தளம், திருகு. வருஷா வருஷம் அதே படம். பள்ளிக்கூடத்துல ஆய்வுக்கூடம்னு ஒரு பூட்டின அறை, அதுல உடைஞ்ச கப்பி ஒண்ணு. பசங்க எதையும் கையால தொட்டதில்லை. நானும்தான். விசாலாட்சி சொல்லுவா, "உங்க பாடத்தை வெச்சு ஒரு கேஸ் சிலிண்டரை நகர்த்த முடியுதா?"ன்னு. விளையாட்டாத்தான் சொல்லுவா. ஆனா முப்பது வருஷமா சொன்னா.

அவளைக் கூப்பிட்டேன். "விசாலம், இங்க வா. ஒரு நிமிஷம்."

அவ ஈரக் கையைத் துடைச்சுக்கிட்டே வந்தா. மூணடி உயரத்துக்குப் பலகை வெச்சுத்தான் எறங்கணும், மெதுவா எறங்கினா. நான் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னதைப் பார்த்ததும், "வேணாங்க. அவங்க வரட்டும்"னா.

"சும்மா இரு, பாரு"ன்னு சுத்தினேன்.

ஒரு கையால சுத்தினேன் தம்பி. வலது கைகூட இல்லை, இடது கை. எண்ணெய் போட்ட கதவு மாதிரி நகர்ந்துச்சு. சுவரைப் பார்க்கறேன், அந்த இரும்புச் சட்டம் தலைமுடி கனத்துக்கு மேலே போகுது. இந்த வீடு! நாங்க முப்பது வருஷம் குடியிருந்த வீடு, கல்லும் கம்பியும் கான்கிரீட்டும், என் இடது கைக்கு ஏறுது. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. கண்ணுல தண்ணிகூட வந்துச்சுன்னு வெச்சுக்குங்களேன். "பாத்தியா? பாத்தியா?"ன்னு கேக்கறேன். என் கல்யாணத்துல, பொண்ணு பொறந்தப்ப, அதெல்லாம் வேற சந்தோஷம். இது வேற.

அரைச் சுத்துதான். அரைச் சுத்துன்னா அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு. அது ஒரு கணக்கா?

விசாலாட்சி சிரிக்கலை. "போதும். பழையபடி திருப்பி வெச்சிடுங்க"ன்னா.

வெக்கலாம்னுதான் இருந்தேன். கையும் கம்பி மேலேதான் இருந்துச்சு. அதுக்குள்ள தெருமுனையில பேச்சுச் சத்தம், ஆளுங்க கை கழுவிட்டு வர ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு ரிட்டயர்ட் வாத்தியார், மேஸ்திரி தொடாதேன்னு சொன்னதைத் தொட்டுட்டு, பதினெட்டு பேரு முன்னாடி உக்காந்து திருப்பித் திருகிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்? நான் கேட் பக்கம் வந்துட்டேன்.

தணிகாசலத்துக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு வேளையும் வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சின்னச் சுத்தியலை எடுத்துக்கிட்டு, நூத்தி அறுபது ஜாக்கியையும் ஒரு தட்டு தட்டிப் பார்த்துக்கிட்டே வருவாரு. பாரம் தாங்கற ஜாக்கி ஒரு சத்தம் குடுக்குமாம், சும்மா நிக்கற ஜாக்கி வேற சத்தம் குடுக்குமாம். அன்னிக்கும் சுத்தியலை எடுத்தாரு. வாசல் பக்கத்துல இருந்து தட்ட ஆரம்பிச்சாரு.

நான்தான் கூப்பிட்டேன். "மேஸ்திரி, மேகத்தைப் பாருங்க. இன்னும் அரை மணி நேரத்துல கொட்டப் போகுது. தோண்டின குழியெல்லாம் தண்ணி நின்னா என்ன பண்ணுவீங்க? முதல்ல அந்தக் கிழக்குப் பக்கத்தை முடிங்க"ன்னேன். மழை வருதேன்னுதான் சொன்னேன். வேற எதுக்கு?

"ஒரு சுத்து பார்த்துட்டு ஆரம்பிச்சிடறேன் சார்."

"காலையில பார்த்தீங்களே. ஒரு மணி நேரத்துல என்ன மாறிடப் போகுது?"

அவரு மேகத்தைப் பார்த்தாரு. சுத்தியலைப் பார்த்தாரு. அப்புறம் அதை இடுப்புல சொருகிட்டு விசிலை எடுத்தாரு.

முதல் விசிலுக்கு ஒண்ணும் ஆகலை. ரெண்டாவது விசிலுக்கு ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை, முறுக்கு உடையற மாதிரி. ஜாக்கிக்கு அடியில இருந்த செங்கல் பொடிஞ்சு, ஜாக்கி பக்கவாட்டுல தெறிச்சு விழுந்துச்சு. இந்த மூலை ஒரு அடி எறங்குச்சு. வேடியப்பன் அங்கேதான் அடியில இருந்தான்.

அடுத்த நாள் இன்ஜினியர் வந்து பார்த்துட்டுச் சொன்னாரு, ஏதோ ஒரு ஜாக்கி மட்டும் மத்ததைவிட உசந்து நின்னிருக்கணும்னு. அப்படி நின்னா பக்கத்துல இருக்கற நாலஞ்சு ஜாக்கி பாரத்தை விட்டுடுமாம், அந்த ஒண்ணு மேலேயே அத்தனையும் எறங்குமாம். சரி. ஆனா அரைச் சுத்துக்கு அவ்வளவு ஆகாது. ஒரு சுத்துன்னே வெச்சுக்குங்க, ஒரு சுத்துக்கும் ஆகாது. நான் கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன். அந்தச் செங்கல்லு சரியா வேகாத செங்கல்லு. அதை யாரும் பேசலை.

அவன் உடனே சாகலை. அதைச் சொல்லணும். இடுப்புக்குக் கீழே மாட்டிக்கிச்சு. முகமும் ஒரு கையும் வெளியே தெரிஞ்சுது. அவன் கேட்ட முதல் கேள்வி, "மேஸ்திரி, மத்தவங்க எல்லாரும் வெளிய வந்துட்டாங்களா?" தணிகாசலம் மண்ணுல குப்புறப் படுத்து அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு, "வந்தாச்சுடா, வந்தாச்சு. இதோ எடுத்துடறேன்"னாரு.

எடுக்கறதுன்னா என்ன தம்பி? வீட்டைத் தூக்கணும். புது ஜாக்கி கொண்டுவந்து, அதுக்குக் கல்லு வெச்சு, சுத்தணும். சுத்தறாங்க. நாலு பேரு நாலு ஜாக்கியில மாஞ்சு மாஞ்சு சுத்தறாங்க. ஒரு முழுச் சுத்துக்குக் கால் அங்குலம். ஒரு அடி எறங்கினதைத் தூக்க எத்தனை சுத்து? நாப்பத்தெட்டு. அதுலயும் அவசரப்பட்டு வேகமாச் சுத்தினா இன்னொண்ணு தெறிக்கும். வகுப்புல நான் எப்பவும் சொல்லுவேன், "பலத்துல லாபம் வந்தா தூரத்துல நஷ்டம் வரும், எதுவும் சும்மா கிடைக்காது"ன்னு. பரீட்சையில ரெண்டு மார்க் கேள்வி அது. அன்னிக்கு நான் இங்கே நின்னு அந்த ரெண்டு மார்க்கைக் கண்ணால பார்த்தேன். பையன் தண்ணி கேக்கறான். விசாலாட்சி டம்ளரோட போய் உக்காந்து வாயை நனைக்கறா. கம்பி சுத்துது, சுத்துது, சுவரு நகரவே மாட்டேங்குது.

முப்பத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. வெளியே எடுக்கறப்ப பேச்சு நின்னு பத்து நிமிஷம் ஆயிருந்துச்சு. ஆம்புலன்ஸ் தெருமுனையில நின்னுக்கிட்டு இருந்துச்சு. மழையும் அப்பத்தான் பிடிச்சுது.

போலீஸ் வந்தாங்க. இன்ஸ்பெக்டர் இதே இடத்துல உக்காந்துதான் கேட்டாரு. "வேலை நேரத்துல வெளியாள் யாராவது வந்து எதையாவது தொட்டாங்களா?"

"இல்லை"ன்னேன்.

உண்மைதானே? நான் வெளியாள் இல்லை, வீட்டுக்காரன். அது வேலை நேரமும் இல்லை, சாப்பாட்டு நேரம். கேள்விக்குத் தகுந்த பதில். பக்கத்துல விசாலாட்சி நின்னா. அவகிட்ட அவரு எதுவும் கேக்கலை. அவ என்னைப் பார்த்துக்கிட்டே நின்னா, அவ்வளவுதான்.

தணிகாசலத்தைக் கூட்டிட்டுப் போனாங்க. கவனக்குறைவால மரணம்னு கேஸ். பதினஞ்சு நாள் கழிச்சு ஜாமீன்ல வந்தாரு. வேற ஆளுங்க வந்து மிச்சம் ரெண்டடியைத் தூக்கி முடிச்சாங்க. வேடியப்பன் ஊருக்கு விசாலாட்சி தனியாப் போயிட்டு வந்தா. அரூர் வரைக்கும் பஸ், அதுக்கப்புறம் ஆட்டோ, அதுக்கப்புறம் நடை. முழங்கால் வலியோட. என்னைக் கூப்பிடலை. கூப்பிட்டாலும் எப்படிப் போறது, வீடு அந்தரத்துல நிக்குது. திரும்பி வந்து ரெண்டு நாள் பேசலை. மூணாவது நாள், நான் பேப்பர் படிச்சுட்டு இருக்கேன், எதிர்ல வந்து நின்னு கேட்டா.

"எத்தனை சுத்து சுத்தினீங்க?"

"அரைச் சுத்து"ன்னேன்.

"மூணு. நான் எண்ணினேன். மூணு முழுச் சுத்து சுத்தினீங்க. போதும் போதும்னு ரெண்டு தடவை சொன்னேன், உங்க காதுல விழலை. சிரிச்சுக்கிட்டே சுத்தினீங்க."

எனக்கு ஞாபகம் இல்லை தம்பி. சத்தியமாச் சொல்றேன். மூணா இருக்கலாம். அந்தக் கம்பியில பாரம் தெரியவே இல்லை, அதான் விஷயம். ஒரு மூட்டையைத் தூக்கினா முதுகு சொல்லும், போதும்டா கீழே வையின்னு. இது ஒண்ணுமே சொல்லலை. பத்து சுத்து சுத்தியிருந்தாலும் கைக்குத் தெரிஞ்சிருக்காது. அப்படி ஒரு வசதி அது. அதை நான் எந்த வகுப்புலயும் சொல்லிக் குடுக்கலை, புஸ்தகத்துல இல்லை.

அந்த வாரமே அவ திருச்சிக்குப் போனா. முழங்கால் வலிதான். டாக்டரும் சொன்னாரு, படி ஏறக் கூடாதுன்னு.

போன வியாழக்கிழமை தணிகாசலம் வந்திருந்தாரு. ரெண்டு வருஷம் கழிச்சு அன்னிக்குத்தான் பாக்கறேன். தலை நரைச்சிடுச்சு. இப்ப வீடு தூக்கப் போறதில்லையாம். ஒரு அப்பார்ட்மென்ட்ல வாட்ச்மேன். உள்ளே வாங்கன்னேன், வரலை. படியில பாதியில நின்னுட்டாரு. கையால சுவரைத் தொட்டுப் பார்த்தாரு.

"நல்லா நிக்குது சார்"னாரு.

"நிக்குது"ன்னேன்.

"சார், ஒண்ணு கேக்கணும். கோர்ட்டுக்காகக் கேக்கலை, எனக்காகத்தான். அன்னிக்கு நாங்க சாப்பிடப் போனப்ப யாராவது ஜாக்கியைத் தொட்டாங்களா? நீங்களோ அம்மாவோ, தெரியாமக்கூட? தொட்டிருந்தா தப்புன்னு சொல்ல வரலை. காலையில நான் தட்டிப் பார்த்தப்ப அந்த மூலை நல்லா இருந்துச்சு. என் காதுல இன்னும் அந்தச் சத்தம் இருக்கு. இல்லை, அது என் காதோட தப்பான்னு தெரியலை. வேடியப்பனோட புள்ளை இப்ப நடக்குது சார். மாசா மாசம் போய்ப் பாக்கறேன். அதோட அம்மா, அந்தப் பொண்ணு, 'அண்ணே, அது எப்படி ஆச்சு?'ன்னு ஒவ்வொரு தடவையும் கேக்குது. எனக்குச் சொல்லத் தெரியலை."

நான் விளக்கினேன். ஈர மண்ணு, சரியா வேகாத செங்கல்லு, பாரம் எப்படிப் பிரியும், ஒரு இடத்துல கொஞ்சம் எறங்கினா பக்கத்துல என்ன ஆகும், எல்லாத்தையும் சொன்னேன். முன்னாடி மாதிரியே பொறுமையாக் கேட்டாரு. முடிச்சதும், "அப்ப யாரும் தொடலை?"ன்னாரு.

"இல்லை"ன்னேன்.

சுவருல இருந்து கையை எடுத்தாரு. அப்புறம், "அப்ப நான்தான்"னாரு. கோபமா இல்லை. தொலைஞ்ச சாவி கிடைச்சவன் மாதிரி சொன்னாரு. "தட்டிப் பாக்காம விசில் ஊதினது நான்தான். வக்கீல் இழுத்தடிக்கலாம்னு சொல்றாரு. எனக்கு வேணாம் சார். செவ்வாய்க்கிழமை கேஸ் வருது. குத்தத்தை ஒத்துக்கிட்டு உள்ளே போயிடறேன். அந்தப் பொண்ணுக்கும் சொல்லிடலாம், நான்தான்னு."

கும்பிட்டுட்டு எறங்கினாரு. கடைசிப் படிக்குப் போயிட்டாரு. "மேஸ்திரி"ன்னு கூப்பிட்டேன். திரும்பினாரு. என் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னாரு. நானும் சொல்லத்தான் தம்பி வாயைத் தொறந்தேன்.

"மழை வர்ற மாதிரி இருக்கு. குடை எடுத்துட்டுப் போங்க"ன்னேன்.

உள்ளே போய் எடுத்துட்டு வந்து குடுத்தேன். ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாரு. "ரொம்ப நன்றி சார்"னாரு.

இன்னிக்கு என்ன கிழமை, திங்களா?

நாளைக்குத்தான் தம்பி அவருக்குக் கேஸ். காலையில பத்தரை மணிக்கு.